சும்மா இருந்த கை

கப்பலின் சரக்கறைக்குள் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு வானம் ஒரு சதுரமாகத்தான் தெரியும். அந்தச் சதுரத்தின் இரும்பு விளிம்பில் ஒருவர் நிற்பார். அவர்தான் சிக்னல்மேன். மேலே கூண்டில் உட்கார்ந்து, சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிறவரால் சரக்கறைக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவர்களின் கண்ணுக்கு வின்ச்காரர் தெரியமாட்டார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மனிதனின் கை மட்டுமே.

காலடிப்பேட்டை கன்னியப்பன் இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கையாக இருந்தார். கத்த மாட்டார். விசில் ஊத மாட்டார். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ஏற்று. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. கையை மூடினால் நிறுத்து. இவற்றை எந்தத் துறைமுகத்திலும் பார்க்கலாம். நான்காவது ஒன்று உண்டு. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, மூக்குப்பொடி எடுக்கிறவர் போல உருட்டுவது. கடைசியாக எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதே பக்கம் இன்னும் ஒரு மயிரிழை என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தில் அதற்குப் பெயர் ‘பொடி’. கன்னியப்பன் பொடி போட்டால் இருபது டன் கருங்கல் பாளம் முட்டையை வைப்பது போல வந்து உட்காரும் என்பார்கள்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஏணியில் இறங்கும் முன்னும் கூண்டில் ஏறும் முன்னும் ஒவ்வொருவரும் அவர் எதிரில் நின்று தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் அவருக்குத் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்து சொன்னால் மூச்சு வெளியே வரும் அல்லவா, அதை முகர்ந்து பார்ப்பார். வாடை அடித்தால் அன்றைக்கு வேலை இல்லை. சந்தேகம் இருந்தால் கையை நீட்டச் சொல்வார். நடுங்கினால் போச்சு.

“நேத்து ராத்திரி போட்டது நைனா. எறங்கிப் போச்சு.”

“உனுக்கு எறங்கிச்சி. உன் கைக்கு எறங்கலியே. வூட்டுக்குப் போ.”

எத்தனை கெஞ்சினாலும் மாறமாட்டார். ஊரில் நல்ல பெயர், ஆட்களிடம் கொஞ்சம் வசவு, இரண்டும் சேர்ந்து அவருக்குக் கிடைத்தன. தொண்ணூற்றாறாம் வருஷத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. யாரிடமும் வாடையே இல்லை. திங்கட்கிழமைக் காலையில்கூட இல்லை. என் ஆட்கள் திருந்திவிட்டார்கள் என்று கன்னியப்பன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போவார். தான் பேசிப் பேசித்தான் அவர்கள் விட்டார்கள் என்று நம்பினார்.

அதே காலத்தில் அவருடைய வலது தோள் இறுகத் தொடங்கியது. சட்டை மாட்டும்போது மனைவி கெங்கம்மா பின்னால் நின்று கையை நுழைத்துவிட வேண்டியிருந்தது. எண்ணெய் தேய்த்தார்கள். தண்டையார்பேட்டையில் ஒருவர் மூட்டை நீவிக் கட்டுப் போட்டார். தோள் இளகவில்லை. முன்பெல்லாம் தலைக்கு மேல் கையைத் தூக்கி சிக்னல் காட்டியவர் தோள் உயரத்தில் காட்டினார், பிறகு மார்பு உயரத்தில், பிறகு இடுப்பு உயரத்தில். வின்ச்காரர் லியோனார்டு ராயபுரத்து ஆள், பதினைந்து வருஷமாக அவரோடு வேலை செய்கிறவர். இடுப்பருகே பார்க்கப் பழகிக்கொண்டார். யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. வேலை நடந்தது.

நடுக்கம் பிறகு வந்தது.

அதை அவர் முதலில் கவனித்தது ஒரு கல்யாண வீட்டில். கெங்கம்மாவின் அண்ணன் மகள் கல்யாணம், திருவொற்றியூரில். பந்தியில் உட்கார்ந்து, சாதம் வரும்வரை கையை இலை ஓரத்தில் வைத்திருந்தார். விரல்கள் தாமாக ஆடின. இலை சலசலத்தது.

எதிர்ப் பந்தியில் இருந்த மைத்துனர் சத்தமாகச் சொன்னார்: “இன்னா மச்சான், எலைல டைப் அடிக்கிறியா? காலைல கட்டிங் போடாம வந்துட்டியா?”

பந்தியே சிரித்தது. சாதம் விழுந்ததும் கையை நீட்டிப் பிசைந்தார். பிசையும்போது ஆடவில்லை.  ஆனாலும் பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தார். மற்றவர்களின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய மனிதர் அவர். நடுங்கும் கைக்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தப் பந்தியில் இல்லை. அந்த அர்த்தம் தவறாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு துளி குடிக்காதவனின் கை நடுங்கினால் அது ஏதோ கேவலமான பலவீனம் என்றே நினைத்தார்.

அதனால் மறைத்தார். கை சும்மா இருந்தால்தான் ஆடுகிறது, வேலை செய்தால் நிற்கிறது என்று சீக்கிரமே கண்டுகொண்டார். சும்மா விடாமல் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தார். டீக்கடையில் பேப்பரைப் பிடித்தார். சரக்கறை விளிம்பில், ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவில், கழுத்துத் துண்டின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாயிரத்தில், ஐப்பசி மழையில், கருங்கல் ஏற்றும் கப்பல் ஒன்று நின்றிருந்தது. பாளத்தை இறக்கி, அடியில் போட்ட கட்டைகளுக்கு இரண்டு விரற்கடை மேலே நிறுத்தி, கட்டைகளைச் சரிபார்த்து, பிறகு கடைசியாக உட்கார வைப்பார்கள். உள்ளே டில்லிபாபு இருந்தான். வியாசர்பாடிப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்தான். பாளம் இறங்கியது. கன்னியப்பன் கையை மூடினார். பாளம் நின்றது. டில்லிபாபு குனிந்து கட்டையை நகர்த்தினான். மழை தூறிக்கொண்டிருந்ததால் கன்னியப்பனின் துண்டு அன்று தலையில் இருந்தது. வலது கையைச் சரக்கறை விளிம்பின் மேல் வைத்துக்கொண்டு, குனிந்து டில்லிபாபுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாளம் நகர்ந்தது. மயிரிழை. பிறகு இன்னொரு மயிரிழை. மெதுவாக, சொன்னபடி, ஒழுங்காக.

டில்லிபாபு இடது கையை இழுப்பதற்குள் கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு விரல்கள் மாட்டிக்கொண்டன. அவன் கத்திய பிறகுதான் கன்னியப்பன் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார்.

லியோனார்டு கூண்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார். “நைனா, இன்னா நைனா, ஆளு கைய வெச்சிகினு கீறப்போ பொடி போடறியே!”

“நா போடல.”

“போட்ட நைனா. நா பாத்தேன்.”

“கைய மூடுனேன். மூடிட்டு கீழ வெச்சேன். பொடி போடல.”

“மாதா சத்தியமா சொல்றேன், உன் கைல பொடி வந்துச்சி!”

“லியோனார்டு, நா போடல.”

கன்னியப்பன் பொய் சொல்லவில்லை. அவர் எதையும் காட்டவில்லை. கை ஆடியதாக அவருக்கு உணர்வும் இல்லை. அந்த இடத்தில் ஒரு சிறு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததா இல்லையா என்பதைப் பிற்பாடு அவர் கெங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

சரக்கு ஏற்றும் கம்பெனியின் மேற்பார்வையாளர் அருள்பிரகாசம் மறுநாள் இருவரையும் உட்கார வைத்து விசாரித்தார். அவர் கெட்டவர் அல்ல. இரண்டு பேச்சில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்ற நிலைமையில் இருந்தவர்.

“கன்னியப்பா, லியோனார்டு குடிச்சிருந்தாரா?”

“இல்ல சார். வாடை இல்ல. நா பாத்துத்தான் அனுப்பினேன்.”

“பொடி போட்டியா?”

“இல்ல சார்.”

“லியோனார்டு, நீ என்ன சொல்றே? வேற ஏதாவது சொல்லணுமா?”

லியோனார்டு கன்னியப்பனை ஒரு தரம் பார்த்தார். “இல்ல சார். எனக்குத் தெரிஞ்சத சொல்லிட்டேன்.”

“கன்னியப்பன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அருள்பிரகாசம் முடித்தார். லியோனார்டை வின்ச்சிலிருந்து இறக்கினார்கள். யார்டில் தார்ப்பாய் போர்த்துகிற வேலைக்கும் சிந்தின சரக்கைக் கூட்டுகிற வேலைக்கும் போட்டார்கள். டில்லிபாபுவின் இரண்டு விரல்களையும் பாதியோடு எடுத்துவிட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் மாலை கெங்கம்மா கடைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். வாசலிலேயே மூச்சை அடைக்கிற அளவு காஸ் நாற்றம். அடுப்புத் திருகு பாதி திறந்து கிடந்தது. கன்னியப்பன் அடுப்புக்கு இரண்டு அடி தள்ளிப் பலகையில் உட்கார்ந்து, சாமி விளக்கை ஏற்றத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசா ஓடிவந்து சன்னலை எல்லாம் திறந்தாள்.

“யோவ்! நாத்தம் வர்ல உனுக்கு? தெருவே நாறுது!”

“இன்னா நாத்தம்?”

கெங்கம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்தது. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தாள். அது என்ன என்று கேட்டார். கருவாட்டை எடுத்து வந்தாள். அதற்கும் அதே கேள்வி.

“எப்பலேந்துயா இப்பிடி?”

 அன்று இரவு படுத்தவர் தூங்கவில்லை. தொண்ணூற்றாறு முதல் யாரிடமும் வராத வாடை எங்கே போயிற்று என்று அவருக்குப் புரியத் தொடங்கியிருந்தது. தன் பேச்சைக் கேட்டு யாரும் திருந்தவில்லை. பஸ்ஸில் சொன்ன பெருமையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, இருட்டில் தனக்குத் தானே முகத்தை மூடிக்கொண்டார்.

மூக்குக்காகப் போன இடத்தில், டோல்கேட் பக்கத்து டாக்டர் கை நடுங்குவதைக் கவனித்து முதலில் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அது சரியாக வந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் ஆடவில்லை. “தைராய்டு அதிகமானா, கையை நீட்டும்போது இந்தத் தாள் படபடக்கும். குடிக்கிறவங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். உங்களுக்கு நீட்டினா நிக்குது, மடியில வெச்சா ஆடுது. இது வேற மாதிரி. நரம்பு டாக்டரைப் போய்ப் பாருங்க.”

இருபது வருஷமாக ஆட்களைக் கையை நீட்டச் சொல்லியே பார்த்திருக்கிறார். அந்தச் சோதனையில் தான் தேறிவிடுவோம் என்பதை அன்றுதான் அறிந்தார்.

பெரியாஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் ஒரு பெண் டாக்டர். நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். திரும்புவதற்குக் கன்னியப்பன் சின்னச் சின்னதாகப் பல அடிகள் வைத்தார், வலது கை உடம்போடு ஒட்டி வந்தது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். தட்டத் தட்ட வீச்சு குறைந்துகொண்டே போயிற்று. மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பல் சக்கரம் போல விட்டு விட்டு மடங்கியது. பிறகு உட்கார வைத்தார்.

“கையை மடியில வெச்சுக்குங்க. கையைப் பத்தி நினைக்காதீங்க. தமிழ் மாசத்தை எல்லாம் கடைசியிலேருந்து தலைகீழா சொல்லுங்க.”

“பங்குனி. மாசி. தை.” அடுத்தது உடனே வரவில்லை. “மார்கழி...” அதற்கு முந்தியது எது என்று தேடிக் கீழே பார்த்தார்.

மடியில் அவருடைய வலது கை பொடி போட்டுக்கொண்டிருந்தது.

கட்டைவிரல் சுட்டுவிரலின் மேல் உருண்டு உருண்டு, அவசரம் இல்லாமல், ஒரே தாளத்தில். பதறுகிற நடுக்கமாக இல்லை. தேர்ந்த சிக்னல்மேன் காட்டுவது போலத் தெளிவாக இருந்தது. அந்த சிக்னலை ஆயிரக்கணக்கான முறை காட்டியிருக்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து வின்ச்காரர் பார்ப்பது போல அவர் அதைப் பார்த்தது அப்போதுதான்.

“சொல்லுங்க, மார்கழிக்கு முன்னாடி?” என்றார் டாக்டர்.

கன்னியப்பன் மடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பார்க்கின்சன் நோய், தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். மூளையின் ஆழத்தில் ஒரு சிறு பகுதி டோபமைன் என்ற ஒன்றைச் சுரக்கிறது, உடம்பின் அசைவு தடையில்லாமல் ஓடுவது அதனால்தான். அந்தச் செல்கள் மெல்ல அழிகின்றன. நடுக்கம் வெளியே தெரிவதற்குள் பாதிக்கு மேல் போயிருக்கும். மூக்கு அதற்கும் பல வருஷம் முன்பே போய்விடலாம். தோள் இறுகும். நடை சுருங்கும். குரல் சன்னமாகும். முகத்தின் அசைவு குறையும்.

“தூக்கத்துல உதைப்பாரா?”

“ஒதைப்பாரும்மா. போன வருஷம் பீரோவ ஒதைச்சிட்டாரு” என்றாள் கெங்கம்மா. “ரெண்டு வருஷமா சிரிக்கிறதே இல்ல. எம்மேல இன்னா கோவம்னு நா வேண்டாத சாமி இல்ல.”

“குடிப்பாரா?”

“அடுத்தவன் குடிச்சாலே அடிக்கப் போவாரும்மா!”

“இது குடியால வர்றதில்லை. அவர் தப்பும் இல்லை. முழுசா குணமாகாது, ஆனா மாத்திரையில நல்லாவே கட்டுப்படும். நேரம் தவறாம, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும். நீங்களா நிறுத்தக் கூடாது.” டாக்டர் சீட்டில் எழுதியபடியே கேட்டார்: “என்ன வேலை பண்றீங்க?”

“ஹார்பர்ல. சும்மா... மேல்பார்வை மாதிரி.”

கெங்கம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அவள்தான் பேசினாள். “ஏன்யா அப்பிடி சொன்ன? நோவுன்னு தெரிஞ்சா நல்லதுதானே. குடிகாரன் குடிகாரன்னு முதுகுக்குப் பின்னால பேசினு கீறானுங்க. அவனுங்க வாயி மூடுமில்ல.”

“யாருக்கும் சொல்லாத.”

“எங்கண்ணனுக்குக் கூடவா?”

“யாருக்கும்.”

கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. அவள் நினைத்தது சரிதான். நோய் என்று சொல்லிவிட்டால் ஒரு அவமானம் தீரும். ஆனால் கையைக் காட்டினால் அது என்ன காட்டுகிறது என்று துறைமுகத்து ஆட்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். லியோனார்டு சொன்னது உண்மை என்றாகிவிடும். டில்லிபாபுவின் விரல் யாரால் போயிற்று என்றும் தெரிந்துவிடும். குடிகாரன் என்ற பேச்சு இதற்கு எவ்வளவோ மேல்.

மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரத்தில் தோள் இளகியது. கை மடியில் கிடந்தால் கிடந்தபடி கிடந்தது. சரக்கறை விளிம்பில் அவர் மறுபடியும் தோள் உயரத்தில் சிக்னல் காட்டினார். கூண்டில் புதிய வின்ச்காரர். எந்தத் தவறும் நடக்கவில்லை.

“நைனா உட்டுட்டாரு போலக்கீதுடா” என்று ஆட்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

“எத்த?”

“இன்னாத்த, தண்ணியத்தான். கை நிக்குது பாரு.”

மறுக்கவில்லை. காலையில் ஏணி வாயில் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். ஒன்றும் தெரியாத மூக்கால் அவர் முகர்ந்து முகர்ந்து தலையை ஆட்டி உள்ளே அனுப்பினார். நாடகம் என்று தெரிந்தே செய்தார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். பூசை முடிந்து வந்து லியோனார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் தடித்த சட்டம் போட்ட ஒரு மூக்குக்கண்ணாடி.

“வா நைனா! அதிசயமாக்கீது. குந்து.” உள்ளே பார்த்து டீ கேட்டார்.

“கண்ணாடி எப்ப போட்ட?”

“அந்த மேட்டர் முடிஞ்சதும் போட்டேன். டாக்டரு, படிக்கறதுக்கு மட்டும் போதும்னாரு. நா எப்பவும் மாட்டிக்கறேன்.” லியோனார்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் நைனா. நீ பொடி போட்டத நா பாத்தேன். நீ போடலன்ற. நீ பொய் சொல்ற ஆளு கெடயாது. அப்போ எது பொய்யி? என் கண்ணுதானே?”

கன்னியப்பன் கழுத்துத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

லியோனார்டு நாற்காலியை அருகே இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். “உன் கை நடுங்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். குடிக்க ஆரம்பிச்சிட்டன்னு நெனச்சேன். அருள் சார்கிட்ட நா சொல்லல, பாத்தியா? அன்னிக்கி அவுரு கேட்டப்போ ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் சீட்டு கிழிஞ்சிருக்கும். ஆனா அது வேற, இது வேற நைனா. நடுக்கம் எது, பொடி எதுன்னு வின்ச்காரனுக்குத் தெரியாதா? நா பாத்தது பொடி. இல்லாத பொடிய பாத்திருக்கேன். இனிமே என்னை கூண்டுல ஏத்துனாலும் நா ஏற மாட்டேன். ஒரு ஆளு சாவறதுக்கா?”

டீ வந்தது. கன்னியப்பன் டம்ளரை வாங்கினார்.

“இப்ப கை சோக்கா நிக்குது. உட்டுட்டியா? நல்லது நைனா. அப்பிடியே இரு.”

கன்னியப்பன் டீயைக் குடித்தார். டில்லிபாபு எப்படி இருக்கிறான் என்று கேட்டார். கேட்டில் டோக்கன் கொடுக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றார் லியோனார்டு. சரி என்றார். எழுந்து போய் ரயில் ஏறினார். திருவொற்றியூர் வரும்வரை சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார், யாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்காதபோதும்.

“லியோனார்டு அவன் கண்ண நம்பல, என்னை நம்பினான்.” வீட்டில் இதைச் சொல்லிவிட்டுக் கன்னியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். படுத்தபடியே அவர் சொல்லச் சொல்ல, முழுக் கதையும் கெங்கம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.  அவள், “கண்ணாடி வேற போட்டுகினு உக்காந்துகினானா பாவம்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்தாள். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னாயா பண்ற? நிறுத்தாதன்னாங்களே டாக்டரம்மா!”

“நிறுத்தல. வேலை முடிஞ்சி போட்டுக்கறேன். இத்த போட்டுகினு போனா கை நின்னுடும். நின்னா யாரு நம்புவான்?”

பஸ்ஸில் போகும்போதே கை தொடங்கிவிட்டது. முதல் முறையாக அதைக் கம்பியில் பிடித்து நிறுத்தாமல் மடியில் விட்டார். எதிர் சீட்டுப் பெண் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆள் பிரிக்கும் ஷெட்டில் எல்லோரும் நின்றிருந்தார்கள். கன்னியப்பன் நேராக அருள்பிரகாசத்திடம் போனார். யார்டிலிருந்து லியோனார்டையும் கேட்டிலிருந்து டில்லிபாபுவையும் கூப்பிடச் சொன்னார். அவர் குரல் எழும்பாததால் அருள்பிரகாசம் இரண்டு தரம் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

அவர்கள் வந்ததும் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வலது கையைத் தொடையில் வைத்தார். “லியோனார்டு, கொஞ்சம் தள்ளி நில்லு. கூண்டுலேந்து பாக்கற மாதிரி. என் கைய பாரு.”

“இன்னா நைனா வேஷம்? வேல நேரத்துல.”

“பாரு சொல்றேன்.”

தலையைக் குனியாமல் மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல ஆரம்பித்தார். பங்குனி, மாசி, தை. ஷெட்டில் சிரிப்புக் கேட்டது. “நைனாக்கு புட்டுக்கிச்சுடா.” மார்கழி, கார்த்திகை. சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது. அவர் கையைப் பார்க்கவில்லை. லியோனார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லியோனார்டின் இடது கை, இடுப்பு உயரத்தில், வெறும் காற்றில், வின்ச்சின் பிடியைக் கீழே தள்ளுவது போல நகர்ந்தது. மயிரிழை. பிறகு இன்னொரு மயிரிழை. தன் கை நகர்ந்தது லியோனார்டுக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அருள்பிரகாசம் அதைப் பார்த்தார்.

“இறக்கறே நீ” என்றார் அருள்பிரகாசம்.

லியோனார்டு தன் கையைப் பார்த்தார். கன்னியப்பனின் கையைப் பார்த்தார். “பொடி” என்றார். “யோவ், பொடிதான்யா. நா பாத்தது பொடிதான்!”

கன்னியப்பன் உட்கார்ந்தபடியே சொன்னார். குடி இல்லை, மூளையில் ஒரு நோவு என்று. கை அவருக்குத் தெரியாமல் ஆடுகிறது என்று. அன்றைக்கு அவர் போடவில்லை, ஆனால் கை போட்டது என்று. கார்த்திகையிலிருந்து சந்தேகமும், மார்கழியிலிருந்து நிச்சயமும் இருந்தும் வாயைத் திறக்கவில்லை என்று. மூக்கும் போய் நான்கைந்து வருஷம் ஆயிற்று என்று சொன்னபோது பின்னால் ஒருவன், “அது எங்களுக்கு அப்பவே தெரியும் நைனா” என்றான். சிலர் சிரித்தார்கள். அவர்கள் தன்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்புக்குக் கன்னியப்பன் தலை தொங்கியது.

லியோனார்டு கண்ணாடியைக் கழற்றினார். கோபமா நிம்மதியா என்று சொல்ல முடியவில்லை. “அன்னிக்கி என் வூட்டுக்கு வந்து டீ குடிச்சியே” என்றார் கடைசியில். “அப்பவும் தெரியுமா உனுக்கு?”

“தெரியும்.”

லியோனார்டு தலையைத் திருப்பிக்கொண்டார். அவரை மறுபடி வின்ச்சில் போடுவது பற்றி அருள்பிரகாசம் ஏதோ தொடங்கினார். லியோனார்டு கேட்டாரா என்று தெரியவில்லை.

டில்லிபாபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். இடது கையை உயர்த்தி, விரல் இல்லாத இடத்தைக் காட்டினான். “அப்போ இதுக்கு யாரு மேல கேஸு போடறது? உன் மேலயா, உன் மூளை மேலயா?”

“எம் மேலதான் டில்லி.”

“சொல்லிட்டா முடிஞ்சிடுமா?” டில்லிபாபு குனிந்து அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. இமை மட்டும் அபூர்வமாக ஒரு தரம் மூடித் திறந்தது. அவன் நிமிர்ந்து மற்றவர்களிடம் சொன்னான்: “மூஞ்ச பாருங்கடா. சிமெண்ட் பூசுன மாதிரி கீது. ஒருத்தன் வெரல எடுத்துட்டு வந்து குந்திகினு கீறாரு, கொஞ்சமாச்சும் வெக்கம் வருதா பாரு.”

“வந்துகினுதான் கீது டில்லி” என்றார் கன்னியப்பன். “மூஞ்சிக்கு மட்டும் வர மாட்டேங்குது.”

“வந்தா சொல்லி அனுப்பு. வந்து பாக்கறேன்.”

அவன் கேட்டைப் பார்த்து நடந்தான். சங்கு ஊதியது. ஆட்கள் கலைந்து கப்பல் பக்கம் போகத் தொடங்கினார்கள். கன்னியப்பன் எழுந்து, டில்லி என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை.